செத்தவருக்கு நாடி எழுபத்திரண்டு

செத்துப்போய் ஆறு வாரமான மனிதர் நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினார் என்று அந்தக் குரல் சொன்னது.

தேன் ஒழுகும் பெண் குரல். "உங்கள் கணவர் நலமாக இருக்கிறார். நேற்று பன்னிரண்டாயிரம் அடிகள் நடந்தார். இப்போது நாடித்துடிப்பு எழுபத்திரண்டு. அவரை இப்படியே அன்போடு பார்த்துக்கொள்ளுங்கள்."

போன் எங்கள் மேஜைமேல் ஸ்பீக்கரில் கிடந்தது. எதிரே உட்கார்ந்திருந்த தையற்காரி அதையே வெறித்துப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு.

"பன்னிரண்டாயிரம் அடியா?" என்றேன் நான். "பாஸ், நம்ம ரெண்டு பேரையும் விட செத்தவர் சுறுசுறுப்பா இருக்கார்."

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்னைப் பட்டாசு என்று கூப்பிடுவது அழகுக்காக இல்லை. இடம் பொருள் தெரியாமல் வெடித்துத் தொலைப்பேன்.

என் பாஸுக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் நிதானம். முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்ச்சாவுகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர். அந்தக் காலத்தில் உயிரோடு இருப்பவனைச் செத்ததாகக் காட்டுவார்கள். இப்போது செத்தவரை உயிரோடு காட்டுகிறார்கள். தொழில் நன்றாகத்தான் முன்னேறியிருக்கிறது.

"இந்தக் குரல் மனுஷியாம்மா, மிஷினா?" என்று கேட்டார் நிதானம்.

"மிஷின் சார். ஏஐ. என் வீட்டுக்காரருக்கு இதயத் துடிப்பு தாறுமாறா ஓடுற நோய். எங்க பக்கம் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. அதனால கையில ஒரு பட்டை கட்டி விட்டாங்க. அது நாடியைப் பாத்து டவுன்ல இருக்கிற அவங்க ஆபீஸுக்கு அனுப்பும். ஏதாவது கோளாறுன்னா மிஷினே எனக்குப் போன் பண்ணும், நர்ஸ் ஓடி வருவாங்க. யாரோ பெரிய அறக்கட்டளை பணம் குடுக்குதாம். தலைமை டாக்டரே நேர்ல வந்து, என் வீட்டுக்காரர் தோள்ல கை போட்டு போட்டோ எடுத்துக்கிட்டார்."

"அவர் என்ன வேலை பாத்தார்?"

"கிணத்து மோட்டார் மெக்கானிக். மோட்டாருக்குள்ள கையை விடுறவங்க கையில எதுவும் போட மாட்டாங்க. கரண்ட் இழுத்துடும். அதனால வேலைக்குப் போறப்ப பட்டையக் கழட்டி கதவுக்குப் பக்கத்துல ஆணியில மாட்டிட்டுப் போவார். கழட்டினா அங்க சிவப்பு விளக்கு எரியுமாம். நர்ஸ் வந்து திட்டிட்டுப் போகும்."

"செத்த அன்னைக்கு?"

அவள் மேஜைமேல் கிடந்த போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்குக் காலையில எழுந்ததும் நெஞ்சு படபடன்னு இருக்குன்னார். அவராவே பட்டையத் தேடினார் சார். அது வரைக்கும் தேடினதே கிடையாது. ஆணியில இல்ல. வீடு பூரா தேடினோம். சரி, எங்கயாவது வச்சிருப்பேன், வந்து பாத்துக்கிறேன்னு கிளம்பிட்டார். பம்பு ஷெட்டுல விழுந்து கிடந்தார். அரை மணி முன்னாடி தெரிஞ்சிருந்தா பிழைச்சிருப்பார்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. காரியமெல்லாம் முடிஞ்சு, ஏன் எனக்குப் போன் பண்ணலைனு கேக்க இந்த நம்பருக்கு அடிச்சேன். நல்லாத் தூங்கினார்னு சொல்லுது."

நான் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நஷ்ட ஈடு வாங்கித் தரணுமா?" என்றார் நிதானம்.

"பணம் வேணாம். ஆணியில இருந்து பட்டைய எடுத்தது யாரோ, அந்த ஆள் வேணும். என் கண்ணு முன்னாடி நிக்கணும்." அவள் குரல் ஏறவே இல்லை. "அவங்க நாடி துடிக்கிறத நான் கிட்ட நின்னு பாக்கணும்."

மறுநாள் காலை நாங்கள் அந்தத் திட்டத்தின் ஜீப்பிலேயே டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அது நிதானத்தின் ஏற்பாடு. பணம் தரும் அறக்கட்டளையிலிருந்து ஒரு குழு அன்றைக்குப் பார்வையிட வருகிறது. அடுத்த மூன்று வருடத்துக்கு நிதி உண்டா இல்லையா என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். அவர்கள் பார்ப்பதற்காக நோயாளிக் குடும்பம் ஒன்றை அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். அது தையற்காரியின் குடும்பம். நிதானம் அவளுக்குத் தூரத்து மாமா, நான் மாமா பெண். மாமா வேஷத்துக்கு அவர் ஒரு பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார். சகிக்கவில்லை.

ஜீப்பை ஓட்டியது தையற்காரியின் கொழுந்தன், செத்தவரின் தம்பி. திட்டத்தில் டிரைவர் வேலை. அண்ணன் செத்ததிலிருந்து அண்ணிக்குக் கடை கண்ணிக்குப் போவதும் தண்ணீர் பிடித்துக் கொடுப்பதும் அவன்தான் என்று அவளே சொல்லியிருந்தாள். சாவு வீட்டில் அவனைவிட அதிகமாக அழுதவர் இல்லையாம்.

"அண்ணி, இன்னைக்கு நீங்க வரணுமா? அங்க எல்லாம் பேச்சுதான். உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்," என்றான் அவன்.

"வரணும் தம்பி. அந்த டாக்டர் மூஞ்சிய ஒரு தடவை பாக்கணும்."

அவன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துவிட்டு மறுபடி பாதையைப் பார்த்தான். பாதை என்று அதை மரியாதைக்குத்தான் சொல்ல வேண்டும். எலும்பெல்லாம் இடம் மாறி உட்கார்ந்தது. வெயில் வேறு கொளுத்தியது. நான் கையை விசிறியாக்கிக்கொண்டு வந்தேன். டிரைவர் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக்கூடக் கழற்றாமல் வியர்த்து வழிந்தான்.

"எப்பவும் ரோடு இப்படித்தானா தம்பி?" என்றார் முன்சீட்டில் இருந்த நிதானம்.

"இது பரவாயில்ல சார். மேல் பக்கம் போனா இன்னும் மோசம். தினம் ஓட்டி ஓட்டிப் பழகிடுச்சு."

நிதானம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஏதோ யோசனையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன பாஸ், லேட்டாயிடுச்சா?" என்று கேட்டேன் பின்னாலிருந்து.

"அப்பான்னு கூப்பிடு," என்றார்.

டவுன் ஆபீஸின் கண்காணிப்பு அறை குளுகுளு என்று இருந்தது. ஒரு சுவர் முழுக்க திரை. அதில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு நோயாளி. உள்ளே ஒரு எண், அதற்குக் கீழே துள்ளும் நாடி. கிட்டத்தட்ட எல்லாமே பச்சை.

அறக்கட்டளைக் குழுவில் இரண்டு பேர். தலைவி மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லியான அம்மாள். இன்னொருவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். தலைமை டாக்டர் அவர்களுக்கு நடுவே நின்று பேசினார். பளபளவென்று ஷூ, பளபளவென்று பேச்சு.

"பத்துல ஒம்பது பட்டை எப்பவும் உயிரோட இருக்கணும்னு நீங்க நிபந்தனை போட்டீங்க மேடம். நாங்க அதுக்கு மேலயே வச்சிருக்கோம். எங்க நோயாளிகள் அவ்வளவு கட்டுப்பாடு. பாருங்க, எங்கயாவது சிவப்பு தெரியுதா?"

நான் மேஜையருகே இருந்த நர்ஸிடம் ஒட்டிக்கொண்டேன். "ஏன் சிஸ்டர், செவப்பு எரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"உடனே அந்த வீட்டுக்குப் போகணும்."

"பச்சையா இருந்தா?"

"பச்சைக்கு எதுக்குப் போகணும்? அதுக்குத்தானே மிஷின்." சொல்லிவிட்டு அவள் என் கண்ணைப் பார்க்காமல் குனிந்து சாக்ஸைச் சரி செய்துகொண்டாள். மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காத பச்சை வீடுகளை நினைத்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நிதானம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பட்டிக்காட்டு மாமாவாக முன்னால் போனார். "ஐயா, நம்ம மாப்பிள்ளை மோட்டார் மெக்கானிக். அவர் கட்டம் எதுங்க? ஒரு தடவை பாத்துக்கிறேன்."

டாக்டருக்கு வாயெல்லாம் பல். "இதோ காட்டச் சொல்றேன். மேடம், இதுதான் இந்தத் திட்டத்தோட அழகு. குடும்பமே ஆசையாக் கேக்குது." நர்ஸ் விசையைத் தட்டினாள். ஒரு கட்டம் வளர்ந்து சுவரை அடைத்துக்கொண்டது. பச்சை. எழுபத்திரண்டு. "பாருங்க! இவரு எங்க பெருமை. ஆறு வாரமா ஒரு நாள்கூட சிவப்பானதில்ல."

மெக்கானிக் செத்தது அந்த ஆளுக்கு உண்மையிலேயே தெரியாது. அவர் கிராமத்துப் பக்கம் தலைகாட்டியது போட்டோ எடுத்த அன்றைக்கு மட்டும்தான் என்று எனக்கு அப்போதே உறைத்தது.

தையற்காரி எழுந்து நின்றாள்.

"அது என் வீட்டுக்காரர். அவர் செத்து ஆறு வாரம் ஆகுது."

தலையாட்டிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். குழுத் தலைவி மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினாள். டாக்டரின் சிரிப்பு மட்டும் இறங்க வழி தெரியாமல் முகத்திலேயே நின்றது.

"ஏதோ டெக்னிக்கல் மிஸ்டேக்," என்றார்.

"டெக்னிக்கல் மிஸ்டேக்குக்கு நாடி துடிக்காதுங்க," என்றார் நிதானம், மாமா குரலை விட்டுவிட்டு. "அதோ பாருங்க, என்ன பண்ணுதுனு."

எல்லோரும் சுவரைப் பார்த்தோம். எழுபத்திரண்டு இல்லை. தொண்ணூற்றெட்டு. நாங்கள் பார்க்கப் பார்க்க நூற்று நான்கு.

"பாஸ், இந்தம்மா பேசினது அந்த ஆளுக்குக் கேட்டிருக்கு!"

"ஆமா பட்டாசு. பட்டை போட்ட ஆள் இந்த ரூமுக்குள்ளதான் இருக்கார். கதவைச் சாத்து."

சாத்தினேன். சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்தும் நின்றேன்.

"அம்மா," என்றார் நிதானம், "நேத்து ஒண்ணு கேட்டீங்களே. கிட்ட நின்னு பாக்கணும்னு. போய்ப் பாருங்க. நான் எதுவும் பேசல. சுவரு சொல்லும்."

அவள் நேரே தலைமை டாக்டரிடம் போனாள். அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றாள். எனக்கும் அவர்தான் வேண்டியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த எண் எகிற வேண்டும், அந்தப் பளபள ஷூ நடுங்க வேண்டும் என்று மனதுக்குள் கத்தினேன். சுவர் நூற்று நான்கிலேயே நின்றது. டாக்டர் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

அவள் நர்ஸிடம் போனாள். நர்ஸ் அழ ஆரம்பித்தாள். ஆனால் எண் நகரவில்லை. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனிடம் போனாள். அவன் எச்சில் விழுங்கினான். எண் அப்படியேதான் இருந்தது.

அதற்குமேல் ஆள் இல்லை. அவள் அறையின் நடுவில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தாள். அதுவரை இறுகியிருந்த முகம் உடைந்தது. பின்சுவர் ஓரமாக, விருந்தாளிகளுக்கான தண்ணீர்ப் பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் கொழுந்தன் நின்றிருந்தான். அந்த அறையில் அவளுக்கென்று இருந்த ஒரே சொந்தம். அவனிடம் போனாள்.

"தம்பி, இவங்கள்ல யாருனு உனக்காவது தெரியுமாப்பா?" என்று அவன் முழங்கையைப் பிடித்தாள்.

நூற்று இருபது. நூற்று முப்பத்தைந்து. நூற்று ஐம்பத்தொன்று.

சுவர் முழுக்கச் சிவந்தது. அதே நொடியில் அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எடுக்கப் போன விரல் பட்டு ஸ்பீக்கரில் விழுந்தது. அதே தேன் குரல்: "அவசரம். உங்கள் கணவரின் இதயத் துடிப்பு ஆபத்தான நிலையில் உள்ளது. உடனே அவர் அருகில் செல்லுங்கள்."

ஆறு வாரத்துக்கு முன்னால் வர வேண்டிய போன். அது அவள் கையில் இருந்துகொண்டு திரும்பத் திரும்பச் சொன்னது. என்னால் கேட்க முடியவில்லை. போய் வாங்கி அணைத்தேன்.

அவள் அவன் சட்டைக் கைப் பொத்தானைக் கழற்றினாள். துணியோடு பழகிய கை, ஒரே இழுப்பில் கழன்றது. கறுப்புப் பட்டை. அதன் ஓரத்தில், தண்ணீர் படாமலிருக்க அவள் வீட்டுக்காரர் ஒட்டியிருந்த மோட்டார் டேப்.

பெட்டி கீழே விழுந்து பாட்டில்கள் உருண்டன.

"அண்ணி..." அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். "அண்ணன் தினம் ஆணியில மாட்டிட்டுப் போயிடுவார். இங்க சிவப்பு எரியும். உங்க அண்ணன் பட்டைய நீதான் பச்சையா வச்சிருக்கணும், இன்னொரு தடவை சிவப்பு வந்தா வண்டிச் சாவிய வச்சுட்டுப் போயிடுனு டாக்டர் சொன்னார். அதனால அண்ணன் வேலைக்குப் போனதும் நான் எடுத்துப் போட்டுக்குவேன். சாயந்தரம் திரும்ப மாட்டிடுவேன். அன்னைக்கு முந்தின நாள் மட்டும்... வண்டி ரிப்பேர், லேட்டாயிடுச்சு. நாளைக்கும் நான்தானே போடப் போறேன், காலையில எதுக்கு மறுபடி வந்து எடுக்கணும்னு கையிலயே வச்சுட்டேன். அண்ணன் தேடுவார்னு எனக்குத் தெரியாது அண்ணி. அப்புறம் கழட்ட முடியல. கழட்டினா சிவப்பு வரும், நர்ஸ் வீட்டுக்கு வரும், எல்லாம் தெரிஞ்சுடும்..."

நான் நிதானத்தின் காதருகே போனேன். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ஜீப்புலயே. என் வாட்சும் அடி எண்ணும். ஆடாம அசையாம உக்காந்திருந்தேன். ரெண்டாயிரம் அடி நடந்தேன்னுது. தினம் அந்த ரோட்டுல குலுங்குறவன் பன்னிரண்டாயிரம் நடப்பான்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா அந்தம்மா ஜீப்புலயே அவன் கழுத்தப் பிடிச்சிருக்கும். அது அங்கயே முடிஞ்சிருக்கும்."

உண்மைதான். இப்போதே அவள் கை அவன் சட்டைக் காலரை இறுக்கிக்கொண்டிருந்தது. அவன் விடுவித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. அவள் ஒரு அறை விட்டாள். அவசரமில்லாமல் இன்னொரு அறையும் விட்டாள். யாரும் தடுக்கவில்லை, நானும்தான்.

அப்போது தலைமை டாக்டருக்கு உயிர் வந்தது.

"விடாதீங்கம்மா அவனை! சொந்த அண்ணனுக்கே துரோகம் பண்ணியிருக்கான். நானே போலீஸுக்குப் போன் பண்றேன். உங்க பக்கம் நாங்க இருக்கோம். மேடம், நீங்களே பாத்தீங்க. இது ஒரு குடும்பத் தகராறு, திட்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே..."

ஒரு நிமிடம் முன்பு வெளிறிப்போயிருந்த முகத்தில் ரத்தம் ஓடியது. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரத்தில் கை நமநமத்தது.

"அம்மா," என்றார் நிதானம், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "இவன் ஒருத்தனோட நிறுத்திக்கலாம். நிறுத்தினா யாரு நிம்மதியா வீட்டுக்குப் போவாங்கனு மட்டும் பாத்துக்குங்க."

அவள் திரும்பி டாக்டரைப் பார்த்தாள். கைக்குட்டையைப் பார்த்தாள். காலரைப் பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது. ஆனால் விடவில்லை.

"சொல்லுடா," என்றாள் கொழுந்தனிடம். "நீ மட்டும்தானா?"

அவன் அறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை.

"இல்ல அண்ணி. எல்லாரும்தான்."

முதலில் நர்ஸ்தான். விசும்பிக்கொண்டே குனிந்து சாக்ஸை இறக்கினாள். கணுக்காலில் இரண்டு பட்டைகள். டெக்னீஷியன் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினான். அவனிடம் மூன்று. ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜைமேல் வைத்தார்கள். டெக்னீஷியன் விசையைத் தட்ட, சுவரில் பழையபடி எல்லாக் கட்டங்களும் வந்தன; பட்டைகளை வைக்க வைக்க ஒவ்வொரு கட்டமாகச் சிவந்தது. எங்கேயோ யார் யாரோ ஆணிகளில் மாட்டிவிட்டுப் போன பட்டைகள். டாக்டர் கைக்குட்டையைப் பையில் திணித்தார்.

"யார் போடச் சொன்னது?" என்றாள் குழுத் தலைவி. நர்ஸ் டாக்டரை நோக்கி விரலை நீட்டினாள். டெக்னீஷியனும் நீட்டினான்.

தலைவி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "இந்தத் திட்டத்துக்கு இனி ஒரு காசு கிடையாது. இன்னைக்கே மூடிடலாம்," என்றாள் பக்கத்தில் இருந்தவரிடம்.

"மூடாதீங்க," என்றாள் தையற்காரி.

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"மிச்சம் பச்சையா எரியுதே, அதுல நிஜமா நாடி துடிக்கிறவங்க இருக்காங்க. அவங்க வீட்டுல பொண்டாட்டிங்க இருக்காங்க. மூடினா இந்த டாக்டர் நாளைக்கு வேற ஊர்ல வேற சுவரு கட்டி, வேற ஆளுங்க தோள்ல கை போட்டு போட்டோ எடுப்பார். நீங்க மிஷின ஓட்டுங்க. ஆணியில மாட்டிட்டுப் போறவனுக்கு என்ன வழின்னு கேட்டு, அதுக்கும் பணம் குடுங்க. இவர மட்டும் வெளிய தள்ளுங்க. கோர்ட்டுல நிறுத்துங்க. இவர் இல்லாம இது நல்லா ஓடுறத, கம்பிக்குப் பின்னாடி உக்காந்து இவர் பாக்கணும். பாத்துப் பாத்து வேகணும்."

குழுத் தலைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "முதல்ல யாராவது எனக்கு ஆரம்பத்துலேருந்து சொல்லணும். என்னைக்கு, யாரு, என்ன சொல்லி போட வச்சாங்கனு. போலீஸ் வர்றதுக்குள்ள."

தையற்காரி கொழுந்தனைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். அவன் அவள் காலில் விழப் போனான். விழ விடவில்லை.

"மன்னிச்சுடுங்க அண்ணி..."

"அப்படிக் கூப்பிடாத." அவன் சட்டையில் கசங்கிய காலரை, கடையில் வாடிக்கையாளருக்குச் செய்கிற மாதிரி, இழுத்துச் சரி செய்தாள். "இனிமே நீ எனக்குக் கொழுந்தன் இல்ல, சாட்சி. இங்க சொல்லு, போலீஸ்ல சொல்லு, கோர்ட்டுல சொல்லு. ஒரு எழுத்து விடாம சொல்லி முடி. முடிச்ச பிறகு நீ எனக்கு அதுவும் இல்ல."